கொல்லிமலையில் ஒரு பிக்கப்: சர்வீஸ் சென்டர் மலைக்குக் கீழே இருக்கும்போது பராமரிப்பு – ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

இந்த ஆய்வில் வரும் வண்டி கொல்லிமலைக்கு மேலே, செம்மேட்டிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ஒரு ஊரில் நிற்கிறது. ஓனர் விவசாயி. மிளகும் காபியும் கொஞ்சம் மரவள்ளியும் வைத்திருக்கிறார். 2020 டிசம்பரில் கடன் போட்டு ஒரு பிஎஸ்-6 (புகை அளவுக்கான அரசு விதி) டீசல் பிக்கப் வாங்கினார். சொந்த விளைச்சலை இறக்குவது பாதி, அக்கம்பக்கத்தாரின் சரக்கை வாடகைக்கு இறக்குவது பாதி என்று கணக்கு. டிரைவர் அதே ஊர்ப் பையன். நான் மலையடிவாரத்தில் டீசல் பட்டறை நடத்துகிறேன். கிளட்ச், கியர்பாக்ஸ் மாதிரி பெரிய வேலை வந்தால் என்னைக் கூப்பிடுவார்கள். பெயர்களையும் வண்டியின் கம்பெனியையும் விட்டுவிட்டேன். இங்கே நடந்தது எந்தக் கம்பெனி பிக்கப்புக்கும் நடக்கக்கூடியதுதான்.

அடிவாரத்தில் காரவள்ளியில் தொடங்கி மேலே சோளக்காடு போய்ச் சேரும்வரை 70 கொண்டை ஊசி வளைவுகள். நாமக்கல்லில் இருக்கும் சர்வீஸ் சென்டர் கிலோமீட்டர் கணக்கில் பெரிய தூரமில்லை. ஆனால் மலைமேல் இருப்பவர்களுக்கு அது ஒரு முழு நாள். காலையில் இறங்கி, வண்டியை விட்டு, வேலை முடிந்து, இருட்டுவதற்குள் ஏற வேண்டும். ஒரு சின்ன பார்ட் ஸ்டாக்கில் இல்லை என்றால் இன்னொரு நாள். டீசல், டிரைவர் பேட்டா, அன்றைக்குப் போன வாடகை எல்லாவற்றையும் சேர்த்தால், சர்வீஸுக்கு ஆகும் செலவைவிட சர்வீஸுக்குப் போய்வரும் செலவு அதிகம். ஆடி 17, 18 தேதிகளில் வல்வில் ஓரி விழா நடக்கும்போது ரோடு முழுக்க வெளியூர் வண்டிகள். அந்த வாரம் பட்டறை வேலைக்கு யாரும் இறங்க மாட்டார்கள்.

லாரித் தொழிலுக்குப் பேர்போன நாமக்கல் காலடியிலேயே இருக்கிறது. இருந்தும் மேலே நின்றுபோன ஒரு பிக்கப்புக்கு ஸ்கேனர் (எஞ்சின் கோளாறைப் படிக்கும் கருவி) போட்டுப் பார்க்க ஆள் கிடையாது. ஃப்ரீ சர்வீஸ் முடிந்ததும் இந்த வண்டி சர்வீஸ் சென்டர் பக்கம் போவதை நிறுத்தியது இதனால்தான். ஓனரைச் சோம்பேறி என்று சொல்ல மாட்டேன். அவர் போட்ட கணக்கில் நியாயம் இருந்தது. கணக்கில் வராமல் போன சில விஷயங்களைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வண்டி செய்த வேலை

வருடம் முழுக்க வேலை ஒரே மாதிரி இல்லை. மார்கழி, தை தொடங்கி மரவள்ளி வெட்டு. கிழங்கு கீழே சேகோ (ஜவ்வரிசி) ஆலைகளுக்குப் போகும். வெயில் காலத்தில் பலாவும் அன்னாசியும். வாழை எப்போதும் உண்டு. மழை மாதங்களில் வண்டி பெரும்பாலும் மலைக்குள்ளேயே ஓடும்: கடைச் சரக்கு, உர மூட்டை, சிமெண்ட், சந்தைக்குப் போகும் மூட்டைகள். எல்லாம் ஐந்து, பத்து கிலோமீட்டர் ஓட்டம்.

ஆர்சி புத்தகப்படி இந்த வண்டி 1.3 டன் சுமக்கலாம். கிழங்கு ஏற்றும்போது அது இரண்டு டன்னைத் தொட்டது. அந்த எடைக்குப் பின்பக்கம் தாழ்ந்து போகிறது என்று, வாங்கிய மறுவருடமே கீழே ஒரு ஸ்பிரிங் பட்டறையில் பின் ஸ்பிரிங் பட்டையில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு தகடு கூடுதலாகப் போட்டார்கள். லோடு வண்டிக்காரர்கள் சாதாரணமாகச் செய்கிற வேலை இது. அதன் பிறகு எவ்வளவு ஏற்றினாலும் வண்டி நிமிர்ந்தே நின்றது.

ஆயில், ஃபில்டர், பிரேக் பேட் எல்லாம் மேலேயே ஒரு டூவீலர் மெக்கானிக் மாற்றிக் கொடுத்தார். கைவேலை சுத்தமானவர். ஆனால் சொன்ன வேலையைச் செய்வார், சொல்லாததைத் திறந்து பார்க்க மாட்டார். பிரேக் ஆயிலை மாற்றச் சொல்லி யாரும் அவரிடம் சொல்லவில்லை.

முன்பே தெரிந்த அறிகுறிகள்

சம்பவத்துக்குப் பிறகு ஓனரையும் டிரைவரையும் உட்கார வைத்து விசாரித்தபோது ஒவ்வொன்றாக வெளியே வந்தது.

முன் சக்கர பேடுகள் மூன்று வருடத்தில் பலமுறை மாறியிருந்தன. பின் டிரம் பிரேக்கில் இருந்த லைனிங் (டிரம்மை உரசி நிறுத்தும் பட்டை) வண்டியோடு வந்தது, ஒருமுறைகூட மாற்றவில்லை. ஓனர் இதைக் குறையாகச் சொல்லவில்லை. "பின்னாடி லைனிங் இன்னும் கம்பெனி சரக்குங்க, தேயவே இல்லை" என்று பெருமையாகத்தான் சொன்னார். லோடு சுமக்கிற வண்டியில் பின் லைனிங் தேயவில்லை என்றால் பின் பிரேக் வேலை செய்யவில்லை என்றுதான் அர்த்தம். முழு ஆய்விலும் எனக்கு முக்கியமாகப் படுவது இந்த ஒரு வரிதான்.

கிழங்கு லோடோடு இறங்கும்போது கடைசிப் பத்து இருபது வளைவுகளில் தீய்ந்த வாசனை வந்திருக்கிறது. அடிவாரம் நெருங்கும்போது பிரேக் பெடலை ஒரு தடவைக்கு இரண்டு தடவை மிதிக்க வேண்டியிருந்திருக்கிறது. காரவள்ளி வந்து டீ குடித்துவிட்டுக் கிளம்பினால் பெடல் சரியாகிவிடும். தானாகச் சரியாகிற கோளாறுக்காக ஒரு நாள் வாடகையை யார் விடுவார்கள்?

டிரைவருக்கு இன்னொரு பழக்கமும் இருந்தது. நேராக இருக்கும் இறக்கத்தில் டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவார். பழைய வண்டி ஓட்டியவர்களிடம் கற்றது. இப்போதைய காமன் ரெயில் எஞ்சினில் கியரில் இறங்கி ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் டீசல் முழுக்க நின்றுவிடும். நியூட்ரலில் விட்டால்தான் எஞ்சினை ஓட வைக்க டீசல் செலவாகும். மிச்சம் என்று நினைத்துச் செய்ததில் டீசலும் போனது, எஞ்சின் பிடித்து நிறுத்தும் உதவியும் போனது.

2024 தை: இறக்கத்தில் நடந்தது

கிழங்கு லோடு, இரண்டு டன்னுக்குப் பக்கம். மதியம் கிளம்பியிருக்கிறார்கள். பாதிக்கு மேல் இறங்கிய பிறகு ஒரு வளைவுக்கு முன்னால் பெடலை மிதித்தால் எதிர்ப்பே இல்லாமல் உள்ளே போயிருக்கிறது. மறுபடி மிதித்தபோது கொஞ்சம் பிடித்தது, மூன்றாவது தடவை அதுவும் இல்லை.

டிரைவர் அந்த நேரத்தில் செய்தது எல்லாமே சரி. மூன்றாவது கியரிலிருந்து இரண்டுக்கு இறக்கினார். ஹேண்ட் பிரேக்கை ஒரேயடியாக இழுக்காமல் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தார். பள்ளத்துப் பக்கம் விடாமல் மலைப்பக்கம் ஒட்டி, சக்கரத்தை மண்ணில் உரச விட்டு நிறுத்தினார். கிளீனர் குதித்துக் கல் வைத்தான். யாருக்கும் காயமில்லை.

ஹேண்ட் பிரேக் எப்படி வேலை செய்தது என்பதைச் சொல்ல வேண்டும். அது பிரேக் ஆயிலை நம்பி இல்லை. கேபிள் வழியாகப் பின் லைனிங்கை நேராக விரிக்கும். ஊரில் சரிவில் நிறுத்த வேண்டியிருப்பதால் அந்தக் கேபிளை மட்டும் அவ்வப்போது டைட் வைத்திருந்தார்கள். அன்றைக்கு வண்டியைக் காப்பாற்றியது அதுதான்.

எனக்கு போன் வந்தபோது டிரைவரின் குரலில் நடுக்கம் இருந்தது. "அண்ணா, பெடல் தரைக்குப் போகுதுங்க. கல்லு வெச்சு நிறுத்தியிருக்கறேன். என்ன பண்றதுங்க?" வண்டியை அசைக்க வேண்டாம், முன் சக்கரத்தில் தண்ணீர் ஊற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டு, சீல் உடைக்காத பிரேக் ஆயில் டப்பாக்களோடு பைக்கில் ஏறினேன். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றினால் அது வளைந்துவிடும், வெடிப்பும் விடலாம். பதற்றத்தில் பலர் முதலில் செய்வது அதைத்தான்.

ரோட்டோரத்தில் எடுத்த முடிவு

நான் போய்ச் சேர்வதற்குள் சூடு இறங்கி, பெடல் கிட்டத்தட்ட பழைய நிலைக்குத் திரும்பியிருந்தது. ஓனர் மேலேயிருந்து போனில் கேட்டார்: "ஆறிப் போச்சுல்லங்க, மெதுவா எறக்கிரலாமுங்களா?" நான் சொன்னது: "ஆறினா பெடல் வரும்ங்க. அடுத்த பத்து வளைவுல மறுபடி போயிரும்."

முன் சக்கரங்களைக் கழற்றிப் பார்த்தோம். டிஸ்க்கில் நீலம் பாய்ந்திருந்தது. பேடின் முகம் கண்ணாடி மாதிரி வழவழத்து, ஓரம் பொரிந்திருந்தது. ஆனால் கனம் பாதிக்கு மேல் மிச்சம். பேடை மட்டும் பார்க்கிறவர் "நல்லாத்தான் இருக்கு" என்று மாட்டிவிடுவார். பிளீடர் நிப்பிளில் (பிரேக் ஆயிலையும் காற்றையும் வெளியேற்றும் முனை) டியூப் மாட்டி டிரைவரைப் பெடல் மிதிக்கச் சொன்னபோது வந்த ஆயில் கறுத்துப் போயிருந்தது, நடுநடுவே குமிழி. வண்டி வாங்கிய நாளிலிருந்து அதே ஆயில்.

பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 என்ற தரப் பிரிவில் வரும் புதிய ஆயில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தர அளவு. அதே ஆயிலில் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அந்த அளவு 140 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. டாட் 4 ஆயிலுக்கு இது 230, 155. மலை இறக்கத்தில் முன் டிஸ்க் அடிக்கும் சூட்டுக்கு ஈரம் ஏறிய ஆயில் தாங்காது. உள்ளே கொதித்து ஆவிக் குமிழி உண்டாகும். ஆயிலை அழுத்திச் சுருக்க முடியாது, ஆவியைச் சுருக்கலாம். பெடல் உள்ளே போகும், பேட் நகராது. ஆறியதும் ஆவி மறுபடி திரவமாகிவிடும், பெடலும் திரும்பி வரும். காரவள்ளியில் டீ குடித்ததும் பெடல் சரியானதன் காரணம் இதுதான்.

எங்களுக்கு மூன்று வழி இருந்தது. ஆயிலை மாற்றி லோடோடு இறக்குவது. கீழேயிருந்து ரெக்கவரி வண்டி வரவழைப்பது. சரக்கை மாற்றிவிட்டுக் காலி வண்டியாக இறக்குவது. முதல் வழியை நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஆயில் பழசானது ஒரு காரணம்தான், முன் பிரேக் மட்டும் ஏன் இவ்வளவு சூடானது என்று அப்போது தெரியாது. காரணம் தெரியாமல் இரண்டு டன்னோடு இறக்குவது சூதாட்டம். ரெக்கவரி வண்டி குறுகலான வளைவில் மணிக்கணக்கில் ரோட்டை அடைத்துவிடும், செலவும் பெரிது. ஆகவே மூன்றாவது வழி. பிரேக் ஆயில் டப்பாவின் மூடியில் (வண்டியில் இருப்பது) டாட் 3 அல்லது டாட் 4 என்று எழுதியிருந்ததால், நான்கு சக்கரத்திலும் பழைய ஆயில் முழுக்க வெளியேறும்வரை டாட் 4 விட்டுக் காற்று எடுத்தோம். கிழங்கு வேறு இரண்டு பிக்கப்புக்கு மாறியது. காலி வண்டியை முதல் கியரிலும் இரண்டாவதிலும் மட்டும் நானே ஓட்டி, நடுவில் நிறுத்தி ஆறவிட்டு, காரவள்ளிக்கு இறக்கினேன்.

கீழே தெரியவந்த காரணம்

மறுநாள் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனோம். என் பட்டறையிலேயே பேட் மாற்றி அனுப்பியிருக்கலாம். ஆனால் பின் லைனிங் விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. அளவுகள் எழுதிய சர்வீஸ் புத்தகம் அவர்களிடம்தான் இருக்கிறது.

இந்த மாதிரி வண்டிகளில் சேஸிஸில் ஒரு வால்வு இருக்கும். அதிலிருந்து ஒரு கம்பி பின் ஆக்சிலுக்கு வரும். லோடு ஏறினால் சேஸிஸ் ஆக்சிலை நோக்கித் தாழும், கம்பி நகரும், வால்வு பின் பிரேக்குக்கு அதிக அழுத்தம் விடும். காலியாக இருந்தால் அழுத்தத்தைக் குறைக்கும். அப்படிக் குறைக்காவிட்டால் காலி வண்டியில் ஈர ரோட்டில் பின் சக்கரம் சறுக்கி வண்டி சுழன்றுவிடும். எடையைத் தராசில் பார்த்து அறிகிற வால்வு இல்லை இது. பின்பக்கம் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பதை வைத்துத்தான் லோடை ஊகிக்கிறது.

கூடுதல் தகடு போட்டதும் இரண்டு டன் ஏற்றினாலும் வண்டி நிமிர்ந்தே நின்றது அல்லவா? வால்வு அதைக் காலி வண்டி என்று எடுத்துக்கொண்டது. பின் பிரேக்குக்குப் போகவேண்டிய அழுத்தம் முழுதாகப் போகவில்லை. இரண்டு டன்னையும் 70 வளைவுக்கும் பெரும்பாலும் முன் டிஸ்க் இரண்டுமே பிடித்து நிறுத்தியிருக்கின்றன. பேட் சீக்கிரம் தேய்ந்தது, பின் லைனிங் தேயாதது, தீய்ந்த வாசனை, ஆயில் கொதித்தது எல்லாம் இந்த ஒரு தகட்டில் வந்து முடிந்தன.

வால்வின் கம்பியை நீளம் மாற்றி வைத்தால் போதாதா என்று ஓனர் கேட்டார். டெக்னீஷியன் மறுத்தார். கம்பெனி கொடுத்த அளவு கம்பெனி ஸ்பிரிங்குக்கானது, குத்துமதிப்பாக வைத்தால் காலியாக ஏறும்போது பின்பக்கம் லாக் ஆகும் என்றார். நானும் அவர் பக்கம்தான். தகட்டை எடுப்பது, வால்வைப் புத்தக அளவுக்கு வைப்பது, டிஸ்க்கும் பேடும் மாற்றுவது, பின் டிரம்மில் இறுகிப்போன அட்ஜஸ்டரைச் சரி செய்வது என்று முடிவானது.

ஓனருக்கு இதில் கஷ்டமான பகுதி பில் தொகை இல்லை. தகடு போனால் இரண்டு டன் ஏற்ற முடியாது. ஒரு நடைக்கு வருகிற வாடகை குறையும். பல நாள் யோசித்துவிட்டு, கிழங்கு லோடை ஆர்சி அளவுக்குள் வைப்பதாக ஒத்துக்கொண்டார். மூட்டைக்கு வாடகையைக் கொஞ்சம் ஏற்றினார். சில வாடிக்கையாளர்கள் வேறு வண்டிக்குப் போய்விட்டார்கள்.

2024 ஐப்பசி: மஞ்சள் விளக்கு

பிரேக் விஷயம் முடிந்து ஒன்பது மாதம் கழித்து வந்தது இரண்டாவது பிரச்சினை. அந்த மழைக்காலத்தில் வண்டி பல வாரம் கீழே இறங்கவே இல்லை. மலைக்குள்ளேயே சின்னச் சின்ன ஓட்டம், மூட்டை ஏற்றும்வரை எஞ்சினை ஐடிலில் விட்டுவைப்பது. டேஷ்போர்டில் டிபிஎஃப் விளக்கு எரிந்தது. வண்டி நன்றாக இழுத்ததால் யாரும் கண்டுகொள்ளவில்லை. அப்புறம் அது மின்ன ஆரம்பித்தது. ஒரு நாள் ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை மிதித்தாலும் எஞ்சின் எழும்பவில்லை.

டிபிஎஃப் என்பது சைலென்சர் பாதையில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி. பிஎஸ்-6 விதி 2020 ஏப்ரல் 1 முதல் வந்த பிறகு டீசல் பிக்கப்புகளில் இது சாதாரணம். சேர்ந்த கரியை வண்டியே அவ்வப்போது எரித்துக்கொள்ளும். அதற்கு வடிகட்டிக்குள் 600 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும். எஞ்சின் கூடுதல் டீசலைத் தெளித்து அந்தச் சூட்டை உண்டாக்கும். பாதியில் எஞ்சினை அணைத்தால் எரிப்பும் பாதியில் நிற்கும். தெளித்த டீசலில் கொஞ்சம் சிலிண்டர் சுவர் வழியாக வழிந்து எஞ்சின் ஆயிலில் கலக்கும்.

மலைப்பாதைதான் டிபிஎஃப்பைக் கெடுக்கிறது என்று மேலே பேசிக்கொள்கிறார்கள். இந்த வண்டியில் நான் பார்த்தவரை அப்படி இல்லை. லோடோடு 70 வளைவு ஏறினால் புகைப்பாதை நன்றாகச் சூடாகும், அது நல்லதுதான். அடைப்பு சேர்ந்தது மேலே ஓடிய பத்து நிமிட ஓட்டங்களிலும் ஐடிலிலும்தான்.

டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்த்தேன். ஆயில் மேல் கோட்டைத் தாண்டி நின்றது. விரலில் தொட்டால் தண்ணீராக ஓடியது, டீசல் நெடி. டிரைவர் சில வாரமாகவே "ஆயில் குறையறதே இல்லைங்கணா" என்று சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். ஆயில் குறைவதைவிட ஏறுவது மோசமான அறிகுறி. நீர்த்த ஆயில் டர்போவின் பேரிங்கைத்தான் முதலில் தின்னும்.

அந்த வாரமே ஒருவர், டிபிஎஃப்பைக் குடைந்து எடுத்துவிட்டு சாஃப்ட்வேரையும் மாற்றித் தருவதாக ஓனரிடம் சொன்னார். ஒரே நாள் வேலை, இனி விளக்கே எரியாது. ஓனருக்கு ஆசைதான். வேண்டாம் என்று நான் தீர்மானமாகச் சொன்னேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்பை இப்படி மாற்றுவதைத் தடுக்கிறது. டிசம்பரில் எஃப்சி (வண்டியின் தகுதிச் சான்று) வரப்போகிறது. இவை போக, ஒரு தகடு கூட்டிய மாற்றம் என்ன செய்தது என்பதை அதே வருடம்தான் பார்த்திருந்தோம். கம்பெனி ஏன் வைத்தது என்று தெரியாத ஒன்றை மலைமேல் ஓடும் வண்டியிலிருந்து கழற்றுவதை நான் ஏற்கவில்லை.

என் ஸ்கேனர் கோளாறு எண்ணைப் படித்தது, ஆனால் எரிப்பைக் கட்டாயமாகத் தொடங்கும் வசதி அதில் இல்லை. காலி வண்டியாக இறக்கி சர்வீஸ் சென்டரில் நிறுத்தி வைத்து எரித்தார்கள். புகைக்குழாய்ப் பக்கம் யாரும் போக முடியாத சூடு. வெறும் சிமெண்ட் தரையில்தான் செய்தார்கள். மேலே காய்ந்த சருகின் மேல் இது நடந்தால் தீ பிடிக்கும் என்று டிரைவருக்கு அங்கேயே காட்டினேன். பிறகு ஆயிலும் ஃபில்டரும் மாறின. டிபிஎஃப் வண்டிக்கு உரிய, சாம்பல் குறைந்த ஆயிலே போட வேண்டும். கடையில் கிடைத்த ஏதோ ஒரு 15டபிள்யூ-40 போட்டால் அந்தச் சாம்பல் வடிகட்டியில் தங்கிவிடும். கரியை எரிக்கலாம், சாம்பலை எரிக்க முடியாது.

எதை மேலே செய்வது, எதைக் கீழே செய்வது

இரண்டு சம்பவத்துக்குப் பிறகு ஓனர், டிரைவர், நான் மூவரும் உட்கார்ந்து ஒரு ஏற்பாட்டுக்கு வந்தோம்.

டேஷ்போர்டில் ஒரு நோட்டு. அதில் கிலோமீட்டரோடு சேர்த்து லோடோடு இறங்கிய நடையையும் எழுத வேண்டும். பத்தாயிரம் கிலோமீட்டர் சமவெளியில் ஓடியதும் இந்தப் பாதையில் ஓடியதும் பிரேக்குக்கு ஒன்றில்லை. பிரேக் ஆயிலைப் பொதுவாக இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வார்கள். இந்த வண்டிக்கு ஒவ்வொரு வருடமும் கிழங்கு வெட்டு தொடங்கும் முன் மாற்றுவது என்று வைத்தோம். ஆயில் டப்பா எப்போதும் சிறியதாக, சீல் உடைக்காததாக இருக்க வேண்டும். உடைத்து மிச்சம் வைத்தது ஈரம் குடித்துவிடும்.

மேலே செய்யக்கூடியவை: ஆயில், ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டரின் அடியில் தேங்கும் தண்ணீரை வடிப்பது, கிரீஸ், பேட் மாற்றுவது. கேன் டீசல் வாங்குவது ஊரில் வழக்கம். அப்படி வாங்கிய வாரங்களில் ஃபில்டரிலிருந்து தண்ணீர் வருவதை டிரைவரே கண்ணாடி பாட்டிலில் பிடித்துப் பார்த்தார். அதன் பிறகு முடிந்தவரை பங்கிலேயே நிரப்புகிறார். ஸ்கேனர் வேலை, வால்வு, இன்ஜெக்டர் இவை கீழே மட்டும். வால்வின் கம்பி நேராக, வளையாமல் இருக்கிறதா என்று வாரம் ஒருமுறை குனிந்து பார்ப்பது டிரைவர் பொறுப்பு. அதற்கு எந்தக் கருவியும் தேவையில்லை.

கீழே இறங்கினால் லோடு இறக்கிய பிறகு நேராக மலை ஏறிவிடாமல், நாமக்கல் பக்கம் நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் நிறுத்தாமல் ஒரே வேகத்தில் ஓட்டிவிட்டு ஏறுவது. விளக்கு சும்மா எரிந்தால் அந்த வாரத்துக்குள் இப்படி ஓட்ட வேண்டும். மின்னினால் மறுநாளே சர்வீஸ் சென்டர்.

வண்டியில் ஒரு இரும்புப் பெட்டி: ஃபேன் பெல்ட், டீசல் ஃபில்டர், ரேடியேட்டர் ஹோஸ், கிளாம்ப், ஃபியூஸ், பல்பு, பிரேக் ஆயில். இதற்கு மேல் வாங்கி அடுக்க ஓனர் ஆசைப்பட்டார். இரண்டு வருடம் பெட்டியில் கிடக்கிற ரப்பர் சாமான் புதுசாக இருக்காது என்று நிறுத்தினேன்.

வாடகை வண்டிக்கு முதல் எட்டு வருடம் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை எஃப்சி. 2024 டிசம்பர் எஃப்சிக்கு இறங்கியபோதே சர்வீஸ், வீல் அலைன்மெண்ட், பின் பட்டையின் புஷ் எல்லாவற்றையும் முன்கூட்டியே போன் செய்து, பார்ட் வந்துவிட்டதா என்று உறுதி செய்துகொண்டு, ஒரே இறக்கத்தில் முடித்தார்கள்.

அதன் பிறகு

2026 தொடக்கம் வரை பெடல் மறுபடி உள்ளே போகவில்லை. முன் பேட் முன்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு நாள் வருகிறது. பின் லைனிங் முதல்முறையாகத் தேய்ந்து மாற்றப்பட்டது. ஓனர் அதைச் செலவு என்று முணுமுணுத்தார், எனக்கு அது நல்ல செய்தி. டிபிஎஃப் விளக்கு அவ்வப்போது எரிந்தாலும், மின்னும் நிலைக்குப் போகவில்லை.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத முடியாது. 2025 கோடையில் கிளட்ச் சிலிண்டர் ஒழுகி வண்டி மேலேயே சில நாள் நின்றது. பார்ட்டை பஸ் கண்டக்டரிடம் கொடுத்து அனுப்பினேன். போய்ச் சேர்ந்தது வேறு மாடலுக்கானது. கடைக்காரர் வருடத்தை மட்டும் கேட்டுக் கொடுத்திருந்தார். ஒரே வருடத்து வண்டியிலேயே நடுவில் பார்ட் மாறியிருக்கும். இப்போது சேஸிஸ் நம்பர் பலகையின் படம் மூவர் போனிலும் இருக்கிறது, அதைக் காட்டாமல் எதுவும் வாங்குவதில்லை.

இதே மாதிரி வண்டிக்கு மாற்றிச் செய்ய வேண்டியவை

மலையில் ஓட்ட வாங்கும் பிக்கப்பில் ஸ்பிரிங் தொடும் எந்த வேலைக்கும் முன்னால் பின் ஆக்சிலில் அந்தக் கம்பி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் தகடு கூட்டக் கூடாது. கூடுதல் எடை கட்டாயம் என்றால் அதற்குரிய வண்டியைத்தான் வாங்க வேண்டும்.

பேட் மாற்றும்போதெல்லாம் பின் டிரம்மையும் திறந்து, முன்னும் பின்னும் தேய்மானத்தை ஒப்பிட்டு நோட்டில் எழுத வேண்டும். முதல் பேட் மாற்றத்தின்போதே இதைச் செய்திருந்தால் 2024 தை சம்பவம் நடந்திருக்காது.

புது டிரைவருக்குச் சாவி கொடுக்கும் முன் ஓனர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு முறை முழுக்க இறக்கிப் பார்க்க வேண்டும். எந்தக் கியரில் ஏற முடிகிறதோ அந்தக் கியரிலேயே இறங்குகிறாரா, நியூட்ரல் பழக்கம் உண்டா என்பதை வேறு எப்படியும் தெரிந்துகொள்ள முடியாது.

பலா சீசன் லோடு இன்னும் தீராத பிரச்சினை. பழம் எடை போடாமல் எண்ணிக்கையில் ஏறுகிறது. ஏற்றி முடித்த பிறகுதான் 1.3 டன்னைத் தாண்டியது தெரிகிறது. சக்கர வளைவுக்கும் டயருக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி இருக்கலாம் என்று, எடைமேடையில் நிறுத்திப் பார்த்து பாடியில் பெயிண்டால் ஒரு கோடு போட்டிருக்கிறோம். இந்தச் சித்திரையில் அது உதவுகிறதா என்று பார்க்க வேண்டும்.